10 மீட்டர் ஏர் ரைபிளுக்கு எந்த பெல்லட்: வேகத்தைப் பார்ப்பதா, தலை அளவைப் பார்ப்பதா?

துப்பாக்கியின் வேகத்தையும் துல்லியத்தையும் ஒப்பிட்டு இணையத்தில் கிடைப்பவற்றில் பாதிக்கு மேல் வெளிநாட்டு வேட்டை ரைபிள்களைப் பற்றியவை. பேரலை இரண்டு அங்குலம் குறைத்தால் வேகம் எவ்வளவு போகும், தோட்டாவில் மருந்தைக் கையால் அளந்து நிரப்பினால் அதில் எவ்வளவு மீட்கலாம் என்ற கணக்குகள். இங்கே அவற்றால் பயனில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இங்கே வேட்டைக்குத் தடை. தோட்டா தயாரிப்பதற்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். சென்னையில் புதிதாகத் துப்பாக்கிச் சுடுதலுக்கு வருபவர் கையில் எடுப்பது 4.5 மி.மீ. ஏர் ரைபிள்தான். .177 அங்குலத் (4.5 மி.மீ.) துளைக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஆனால் கேள்வி இங்கேயும் அதேதான். எழும்பூரிலோ வேளச்சேரியிலோ ஆறு மாதம் பயிற்சி எடுத்தவர் சொந்தமாக பெல்லட் (ஏர் ரைபிளில் போடும் ஈயக் குண்டு) டின் வாங்கப் போகும்போது மூன்று குழப்பங்கள் வரும். உள்நாட்டு டின்னா, இறக்குமதி மேட்ச் (போட்டித்தர) பெல்லட்டா? 0.45 கிராமா, 0.53 கிராமா? டின்னின் பின்புறத்தில் பெல்லட் தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று ஒட்டியிருக்கிறதே, அதில் எது? பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியில்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் மூன்றாவதுதான் முக்கியம்.

முதலில் பேரல் நீளத்தைத் தீர்த்துவிடலாம். மருந்து எரியும் ரைபிளில் குண்டு நகர நகர வாயு விரிந்துகொண்டே தள்ளும். பேரல் குறைந்தால் தள்ளும் தூரம் குறையும், வேகமும் குறையும். .22 லாங் ரைபிள் என்ற சிறிய தோட்டா இதில் சற்று விதிவிலக்கு: மருந்து மிகக் கொஞ்சம் என்பதால் 16 முதல் 19 அங்குலத்துக்குள் அதன் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும், அதற்கு மேல் நீளும் பேரல் உராய்வைத்தான் கூட்டும். போட்டி ஏர் ரைபிளில் தள்ளுவது அளந்துவிட்ட ஒரு மடக்குக் காற்று மட்டுமே. அதனால் வால்தர் போன்ற நிறுவனங்களின் 10 மீட்டர் ரைபிள்களில் உண்மையான பேரல் சுமார் 42 செ.மீ.தான். அதற்கு முன்னால் நீண்டிருப்பது முன்சைட்டைத் தாங்கும் வெற்றுக் குழாய். சைட்டுகளுக்கு இடையே தூரம் வேண்டும், பெல்லட்டோ சீக்கிரம் வெளியேற வேண்டும். இரண்டையும் இப்படிப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

ஏன் சீக்கிரம் வெளியேற வேண்டும்? டிரிக்கர் விட்ட பிறகும் பெல்லட் பேரலுக்குள் சில மில்லி நொடிகள் ஓடுகிறது. 42 செ.மீ. பேரலில் சராசரி வேகம் நொடிக்கு 100 மீட்டர் என்று வைத்தால் சுமார் 4 மில்லி நொடி. அந்த நேரத்தில் தோள் அசைந்தால், மூச்சு இழுத்தால், டிரிக்கர் விரல் முட்டித் திரும்பினால் அத்தனையும் இலக்கில் பதிவாகும். குட்டை பேரலில் போகும் வேகத்தைவிட, மிச்சமாகும் இந்த நேரத்துக்கு மதிப்பு அதிகம்.

இனி வேகம். ஜெர்மனியில் உரிமமில்லாத காற்றுத் துப்பாக்கிக்கு வரம்பு 7.5 ஜூல். உலகின் மேட்ச் ரைபிள்கள் பெரும்பாலும் அதை ஒட்டியே வடிவமைக்கப்பட்டவை. அந்த ஆற்றலில் 0.53 கிராம் பெல்லட் நொடிக்குச் சுமார் 168 மீட்டர் போகும், 0.45 கிராம் சுமார் 183 மீட்டர். 15 மீட்டர் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். இலக்கில் அது என்ன ஆகிறது? 10 மீட்டர் போவதற்குள் கனமானது சுமார் 18 மி.மீ. கீழே இறங்கும், லேசானது சுமார் 16 மி.மீ. சைட்டில் சில கிளிக் திருகினால் தீர்ந்தது. வேகம் கூடியதால் ஒரு புள்ளிகூட ஏறாது.

புள்ளி குறைவது வேகம் குறைவதால் அல்ல, வேகம் ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் மாறுவதால். நொடிக்கு 170 மீட்டரில் சுடும் ரைபிளில் 3 மீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தால் மேல்கீழாக சுமார் 0.6 மி.மீ. சிதறும். ரைபிள் இலக்கில் ஒவ்வொரு வளையத்துக்கும் 2.5 மி.மீ., ஒவ்வொரு தசமப் புள்ளிக்கும் (0.1) 0.25 மி.மீ. ஆக, மனிதக் கை எந்தத் தவறும் செய்யாதபோதே இரண்டு தசமத்துக்கு மேல் ஊசலாட்டம். தசமம்தானே என்று விட முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாம் இடம், இளவேனில் வாலறிவன் 630.7 எடுத்துப் பத்தாம் இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. 60 குண்டுகளில் 0.8 புள்ளி என்றால் குண்டுக்குச் சராசரியாக 0.03 மி.மீ.

பிஸ்டலுக்கு இந்தக் கவலை குறைவு. அங்கே பேரல் சுமார் 24 செ.மீ., வேகம் நொடிக்கு 150 மீட்டரை ஒட்டி. அதே 3 மீட்டர் மாற்றத்தில் சிதறல் 0.9 மி.மீ. வரை போகும். ஆனால் பத்து வளையமே 11.5 மி.மீ. அகலம், ஒரு தசமம் 0.8 மி.மீ. பிஸ்டல்காரர் 0.45 அல்லது 0.49 கிராம் டின் ஒன்றை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசை டிரிக்கர் பயிற்சியில் செலவழிக்கலாம். கீழே வருவதெல்லாம் ரைபிள்காரருக்கு.

எடைத் தேர்வு சுலபம். பிசிபி (சிலிண்டரில் அடைத்த காற்றில் இயங்கும்) மேட்ச் ரைபிள் என்றால் 0.53 கிராம் வகையில் தொடங்குங்கள். ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச், மைஸ்டர்குகெல்ன் மூன்றிலும் ரைபிளுக்கென இந்த எடை உண்டு. இந்த வகை ரைபிள்கள் பெரும்பாலும் ஏறத்தாழ இதே எடைக்குத்தான் அமைக்கப்படுகின்றன. பள்ளி, மாவட்ட அளவில் ஓப்பன் சைட்டோடு சுடும் ஸ்ப்ரிங் ரைபிள் என்றால் நிலைமை வேறு. பெல்லட் கனமாக இருந்தால் அது நகரத் தாமதிக்கும், பிஸ்டன் எதிரே தேங்கிய காற்றில் மோதி எகிறும், ரைபிள் கையில் குதிக்கும். அதற்கு 0.45 முதல் 0.51 வரை உள்ளவற்றை முதலில் சோதியுங்கள். எதுவானாலும் தட்டைத் தலை பெல்லட்தான். காகிதத்தில் வட்டமாக வெட்டிய துளை அதில்தான் விழும். உருண்டைத் தலையும் கூர்முனையும் 10 மீட்டருக்கு வேண்டாம்.

தலை அளவுக்கு வருவோம். மேட்ச் ரைபிளில் காற்றழுத்தம் மென்மையானது. பெல்லட்டின் பாவாடைப் பகுதியை (பின்னால் விரிந்திருக்கும் குழிந்த பகுதி) ஊதி விரித்துத் துளையோடு ஒட்டவைக்கும் அளவுக்கு அதில் முரட்டுத்தனம் இல்லை. தலை சின்னதாக இருந்தால் பேரலின் உட்புறச் சுழல் வரிகள் அதைச் சரியாகப் பிடிக்காது. பெல்லட் லேசாகச் சாய்ந்து ஓடும், ஓரத்தில் காற்று கசியும், வேகம் குண்டுக்குக் குண்டு மாறும். தலை பெரிதானால் விரலால் அழுத்தி ஏற்றும்போதே ஈயம் நசுங்கும். ஒருமுறை கூடுதலாகவும் ஒருமுறை குறைவாகவும் அழுத்துவோம், அதுவும் வேக மாற்றமாக வரும். 0.01 மி.மீ. என்பது கண்ணுக்குத் தெரியாத அளவு. அதுதான் ஒரே டின் ஒரு ரைபிளில் ஒற்றைத் துளையாகவும் பக்கத்து ரைபிளில் பூவாகவும் விரியக் காரணம். ஆகவே ‘கோச் 4.50 போடச் சொன்னார்’ என்பது அவருடைய பேரலுக்கான விடை. ஒரே மாடல், ஒரே ஆண்டு ரைபிள்களுக்கும்கூட விடை வேறாக வரலாம்.

கண்டுபிடிக்க ஒரே வழி, ரைபிளை அசையாமல் பிடிக்கும் வைஸில் மாட்டிச் சுடுவது. ரைபிளைப் பேரலில் பிடிக்கக் கூடாது, ஆக்‌ஷன் பகுதியில் (டிரிக்கரும் பெல்லட் ஏற்றும் இடமும் உள்ள உலோக உடல்) அல்லது அதற்கென உள்ள தாங்கியில் பிடிக்க வேண்டும். பேரலைப் பிடித்தால் அதன் அதிர்வு மாறி, தோளில் வைக்கும்போது வராத முடிவு வரும். பெல்லட் வகையை மாற்றும்போதெல்லாம் முதல் 10 முதல் 20 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய பெல்லட்டின் ஈயமும் எண்ணெய்ப் படலமும் பேரலில் இருக்கும். பிறகு பத்துப் பத்தாக மூன்று க்ரூப் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் தொகுப்பு), ஒவ்வொன்றும் புது அட்டையில், பின்னால் இன்னொரு அட்டை வைத்து. வெர்னியரில் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு அளந்து 4.5 மி.மீ. கழித்தால் மையத்துக்கு மைய அளவு கிடைக்கும். நல்ல பேரல், பொருந்திய பெல்லட் என்றால் பத்துக் குண்டும் வெளிவிளிம்பில் 5.5 மி.மீ.க்குள் அடங்க வேண்டும்.

ஐந்து குண்டு போட்டுவிட்டு முடிவெடுப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. பத்துக் குண்டு க்ரூப் சராசரியாக ஐந்து குண்டு க்ரூப்பைவிடக் கால் பங்கு பெரிதாகத்தான் வரும். ஐந்து குண்டு க்ரூப்போ, அதே பெல்லட்டில் அடுத்தடுத்து சுட்டாலே தாறுமாறாக மாறும். 4.49இல் ஒரு ஐந்து, 4.50இல் ஒரு ஐந்து என்று போட்டுத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறோம்.

குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் கூடவே வேகத்தையும் பதியுங்கள். க்ரூப் மேல்கீழாக நீண்டு, வேகமும் மாறினால் பிரச்சினை காற்றிலோ பெல்லட் எடையிலோ இருக்கிறது. வேகம் ஒரே சீராக இருந்தும் வட்டமாக விரிந்தால் தலை அளவு சேரவில்லை, அல்லது பேரல் முனையில் காயம். நிழலைப் பிடித்து அளக்கும் வகை குரோனோகிராஃப் சில எல்.இ.டி. விளக்குகளின் கீழ் உளறும். நொடிக்கு 300 மீட்டர் என்று காட்டினால் ரைபிளைத் திட்டாதீர்கள், விளக்கை மாற்றிப் பாருங்கள்.

இனி பலரும் முதலில் கேட்கும் உள்நாட்டு, இறக்குமதிக் கேள்வி. வாரம் ஐந்து நாள், நாளுக்கு நூறு குண்டு என்றால் வாரத்துக்கு 500 எண்ணிக்கையுள்ள ஒரு டின் தீரும். இறக்குமதி மேட்ச் டின் உள்நாட்டு டின்னைவிடப் பல மடங்கு விலை. இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டால் உணர்ச்சி அடங்கும். கைச் சிதறலும் பெல்லட் சிதறலும் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடுகின்றன. ஆரம்பநிலைக்காரரின் கைச் சிதறல் 20 மி.மீ., பெல்லட் சிதறல் 3 மி.மீ. என்றால் மொத்தம் 20.2 மி.மீ. விலையுயர்ந்த பெல்லட் வாங்கி அந்த 0.2ஐ மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. கைச் சிதறல் 6 மி.மீ.க்கு இறங்கியவருக்கு அதே பெல்லட் 6.7 ஆக்கும், 1.5 மி.மீ. சிதறும் மேட்ச் பெல்லட்டோ 6.2க்குள் நிறுத்தும். அவருக்கு அரை மில்லிமீட்டர் என்பது இரண்டு தசமம்.

அதனால் எங்கள் கருத்து இதுதான். பத்துக் குண்டுக் க்ரூப் இன்னும் எட்டு வளையத்தைத் தாண்டிப் போகிறவரை உள்நாட்டு டின் போதும், குற்ற உணர்ச்சி வேண்டாம். ஒன்பதும் பத்துமாக விழத் தொடங்கியதும் பயிற்சியையும் மேட்ச் பெல்லட்டுக்கு மாற்றுங்கள். பயிற்சிக்கு மலிவு, போட்டிக்கு மட்டும் உயர்ந்தது என்று பிரித்து வைப்பவர்கள் அதிகம். அதில் சிக்கல் உண்டு. 9.8 விழுந்தால் அது தன் டிரிக்கரா, பெல்லட்டா என்று தெரியாமல் நாட்கணக்கில் தவறான இடத்தைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். இரண்டும் கட்டுப்படியாகாது என்றால் நடுவழி ஒன்று: ஆர்10 பக்கம் போகாமல், அதே நிறுவனத்தின் மைஸ்டர்குகெல்ன் வகையில் உங்கள் பேரலுக்குச் சேரும் டின்னைத் தேடுங்கள். சில பேரல்கள் அதை உயர்ந்த வகையைவிட விரும்பும். கௌரவம் பார்க்காமல் வைஸ் சொல்வதைக் கேட்க வேண்டும்.

தோட்டா நிரப்புபவர்கள் மருந்தை மில்லிகிராமில் அளப்பதைப் பார்த்துவிட்டு, தராசு வாங்கி பெல்லட்டை ஒவ்வொன்றாக எடை போடும் பழக்கம் இங்கேயும் உண்டு. எவ்வளவு பயன்? ஆற்றல் மாறாது என்று வைத்தால் எடை ஒரு சதவீதம் கூடினால் இறக்கமும் ஒரு சதவீதம் கூடும். 0.53 கிராமில் ஒரு சதவீதம் சுமார் 5 மில்லிகிராம், இறக்கம் மாறுவது 0.18 மி.மீ., ஒரு தசமத்துக்கும் குறைவு. நல்ல மேட்ச் டின்னில் எடை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். உள்நாட்டு டின்னில் 20 மில்லிகிராம் வரை விலகும் பெல்லட்கள் கலந்திருந்தால் 0.7 மி.மீ. வரை போகும், அங்கே தராசு உதவும். ஆனால் எடையைவிட வேகமாகப் பலன் தருவது கண்ணால் பார்த்துப் பொறுக்குவது: பாவாடை நசுங்கியவை, ஓரத்தில் ஈயத் துணுக்கு நிற்பவை, கண்ணாடி மேல் உருட்டினால் மற்றவற்றோடு ஒரே வளைவில் உருளாதவை. டின்னை உள்ளங்கையில் கவிழ்ப்பவர்களே பாதிச் சேதத்தைச் செய்கிறார்கள். துளையிட்ட தட்டில் ஒவ்வொன்றாக நிறுத்தி எடுங்கள்.

சோப்புத் தண்ணீரில் பெல்லட்டைக் கழுவி, எண்ணெய் தடவும் வழக்கம் குளிர்நாட்டு ஆலோசனைகளில் வரும். சென்னைக்கு அது ஒத்துவராது. மேட்ச் பெல்லட் மேல் ஏற்கெனவே மெல்லிய பாதுகாப்புப் படலம் இருக்கிறது. அதைக் கழுவிவிட்டு ஐப்பசி மழைக்காற்றில் காயவைத்தால் சீக்கிரமே சாம்பல் படிந்து, பிறகு வெண்பொடியாக ஆக்சைடு கிளம்பும். வெண்பொடி பூத்த டின்னைப் பயிற்சிக்குக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். அது பேரலில் தேய்க்கும், கையில் ஒட்டும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்தால் போதும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். பெல்லட் தொட்ட கையோடு பஜ்ஜி சாப்பிடக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள், ஈயம்.

இத்தனையும் சரியாக இருந்து வேகம் மட்டும் தடுமாறினால் காற்றைப் பாருங்கள். பெரும்பாலான ரைபிள்களில் சிலிண்டர் அழுத்தம் 70, 80 பாருக்குக் கீழே போனதும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றை விடும் ரெகுலேட்டர் பிடி விட்டு, குண்டுகள் கீழே இறங்கத் தொடங்கும். போட்டி நடுவே 45ஆம் குண்டில் இது நடந்தால் சைட்டைத் திருகித் திருகிக் கெடுப்போம். முழுதாக நிரப்பிக்கொண்டு லேனுக்குப் போங்கள். கைப்பம்பில் நிரப்பினால் சென்னைக் காற்றின் ஈரமும் சேர்ந்தே உள்ளே போகும், வால்வில் தண்ணீர் நிற்கும். டைவிங் சிலிண்டரில் உலர்காற்று நிரப்பித் தருபவரிடம் போவதே நல்லது. வெல்டிங் கடை ஆக்சிஜனை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றாதீர்கள். ரைபிளுக்குள் ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் வெடிக்கும். சிலிண்டரில் பொறித்த தேதியிலிருந்து 10 ஆண்டு தாண்டியிருந்தால் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள்.

வேகத் திருகை ஏற்றிப் பார்க்கலாமா என்ற ஆசை எல்லாருக்கும் வரும். நொடிக்கு 165 முதல் 175 மீட்டருக்குள் இருந்தால் தொடாதீர்கள். ஏற்றினால் ஒரு சிலிண்டரில் வரும் குண்டுகள் குறையும், அதிர்வு கூடும், பேரல் முனையில் பீறிடும் காற்று பெல்லட்டின் பின்புறத்தை உலுக்கும். 155க்குக் கீழே இறங்கியிருந்தால் சீல் தேய்ந்திருக்கிறதா என்று சர்வீஸ் செய்பவரிடம் காட்டுங்கள், திருகால் மறைக்காதீர்கள்.

வாங்கும்போது ஒரு விஷயம். தலை அளவு ஒன்றாக இருந்தாலும் டின்னில் ஒட்டியிருக்கும் தொகுதி எண் மாறினால் பெல்லட் மாறிவிட்டது என்றே கொள்ளுங்கள். அச்சு தேயும், மாற்றுவார்கள், 4.50 என்ற லேபிள் மட்டும் அப்படியே இருக்கும். வைஸில் தேறிய எண் கிடைக்கும்போதே நாலைந்து பேர் சேர்ந்து ஆறு மாதத்துக்கு வாங்கிவிடுவது லாபம், ஆனால் அவரவர் பேரலில் அவரவர் சோதித்த பிறகு. பழைய தொகுதியில் நூறு பெல்லட்டைத் தனியே எடுத்து வையுங்கள். புது டின் வந்ததும் அதே நாளில், அதே வைஸில், இரண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டால், மாறியது பெல்லட்டா ரைபிளா என்பது தெரிந்துவிடும்.